பாசறையும் சேரியும்: ஒரு கடிதத்தின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு பெரிய மனிதரின் பெரிய செயலில் தொடங்குவது வழக்கம். நாம் இன்று சிறிய பொருள் ஒன்றிலிருந்து தொடங்குவோம். அது கைக்குப் போய்ச் சேராத ஒரு கடிதம்.

1901ஆம் ஆண்டு வாக்கில் சாத்தாராவிலிருந்து சில சிறுவர்கள் தங்கள் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது கட்டாவ் தாலுகாவில் கோரேகாவ் என்ற ஊரில் காசாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறைக்கு வந்து என்னோடு இருங்கள் என்று அவர் பிள்ளைகளை அழைத்திருந்தார். இன்ன நாள் புறப்படுகிறோம், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்கள் என்று பிள்ளைகள் பதில் போட்டார்கள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி போட்டுக்கொண்டு ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை.

அடுத்து நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகளின் உடையைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று எண்ணி அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்று சொன்னதும் முகம் மாறினார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. இரட்டை வாடகை தருகிறோம், வண்டியை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம், நீ நடந்து வந்தால் போதும் என்ற ஏற்பாட்டின் பேரில் ஒருவன் வந்தான். கட்டுச்சோறு கையில் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடிக்காரனிடம் கேட்டும் கிடைக்கவில்லை. சோற்றை உண்ணாமலே இரவைக் கழித்து மறுநாள் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவுக்கு ஆச்சரியம், நீங்கள் வருவதாக எனக்குத் தகவலே இல்லையே என்றார். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. கடிதம் வந்திருக்கிறது, வேலைக்காரன் அதைக் கொடுக்க மறந்துவிட்டான்.

அந்தச் சிறுவர்களில் ஒருவர்தான் பீமராவ். தாம் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நூலின் முதல் நிகழ்ச்சியாக அண்ணல் இதை வைத்திருக்கிறார். சாதியின் கொடுமையைச் சொல்லும் இடமாகவே இதை எல்லோரும் படிக்கிறோம், அது சரிதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா ஆள் அனுப்பியிருப்பார், பிள்ளைகள் யாரையும் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது. மசூர் ஸ்டேஷனுக்கும் கோரேகாவுக்கும் இடையில் இருந்த சாதி உலகத்தைத் தொடாமலே கடந்து போயிருப்பார்கள். தீண்டப்படாத குடும்பம் ஒன்றுக்கு அந்தக் காலத்தில் கடிதம் ஒரு பாதுகாப்பாக இருந்தது. அது அறுந்த இடத்தில் ஊர் உள்ளே புகுந்துவிட்டது.

ஒன்பது வயதுப் பிள்ளையும் அவன் அண்ணனும் கடிதம் எழுதுகிறார்கள், அப்பா பதில் எழுதுகிறார். 1901இல் ஒரு மகர் குடும்பத்தில் இது எப்படி நடந்தது? அதற்கு விடை பாசறையில் இருக்கிறது. நம் மக்களுக்குப் பாசறை என்ன கொடுத்தது, எதைக் கொடுக்க மறுத்தது, பாசறையிலிருந்து சேரிக்கு வந்த கடிதம் எந்தெந்தத் தடைகளைத் தாண்டி வந்தது என்பவையே இன்றைய உரையின் பொருள்.

லைன் வீடும் பள்ளிக்கூடமும்

கிழக்கிந்தியக் கம்பெனி படை திரட்டியபோது நம்மவர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். பிளாசியில் கிளைவோடு நின்ற துசாத்துகளையும் பம்பாய்ப் படையில் இருந்த மகர்களையும் அண்ணல் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகாவில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர்கள் கணிசமாக இருந்தார்கள். அங்குள்ள தூணில் பொறிக்கப்பட்ட பெயர்களில் பல ‘நாக்’ என்று முடிவது அதற்குச் சாட்சி. அன்று அவர்களோடு மெட்ராஸ் பீரங்கிப் படையின் சிறு அணி ஒன்றும் நின்றது.

மெட்ராஸ் ராணுவத்தில் பறையர்களின் பங்கு நெடியது. 1780இல் புனித ஜார்ஜ் கோட்டையில் பயனியர்கள் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் அமைக்கப்பட்டன. பாதை போடுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்குச் சுரங்கம் தோண்டுவது அவர்களின் வேலை. அதுவே பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆயிற்று. பெங்களூர் அதன் தலைமையிடம் ஆனது. ‘தம்பி’ என்பது இன்றும் அந்தப் படையாட்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கத் தயங்காதவர்கள் அந்த வேலைக்குத் தேவைப்பட்டார்கள். ஊரில் எந்த உழைப்பைக் காட்டி நம்மை இழிவுபடுத்தினார்களோ, பாசறையில் அதே உழைப்புக்குச் சம்பளமும் சீருடையும் கிடைத்தன.

மெட்ராஸ் ராணுவத்துக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வருவான். மெட்ராஸ் சிப்பாய் குடும்பத்தோடு வருவான். பட்டாளம் இடம் மாறினால் மனைவி, பிள்ளை, வயதான தாய் எல்லோரும் மூட்டை முடிச்சோடு கூடவே நடப்பார்கள். பட்டாளத்தின் லைன் வீடுகளே அவர்களுக்கு ஊர். இதைக் குறையாகச் சொன்ன வெள்ளை அதிகாரிகள் உண்டு. குடும்பம் கூட இருந்தால் படை வேகமாக நகராது என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஆதிக்கச் சாதி வீட்டுச் சிப்பாய்க்குக் கிராமத்தில் நிலமும் கூட்டுக்குடும்பமும் உண்டு. சேரியிலிருந்து போனவன் குடும்பத்தை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? பண்ணையாரிடமா? தன்னோடு அழைத்துப் போவதே அவனுக்கு இருந்த ஒரே காவல். அப்படிப் போன குடும்பம் ஊர்க்கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்தது. லைனில் பிறந்த பிள்ளைக்குப் பண்ணையடிமை என்ற சொல் கதையாகத்தான் தெரிந்திருக்கும்.

கடல் கடந்து பர்மாவுக்கோ சீனாவுக்கோ படை போனபோது குடும்பம் கூடப் போக முடியாது. அப்போது சிப்பாயின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக் குடும்பத்துக்கு நேராகக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. செத்துப்போன, ஓய்வு பெற்ற சிப்பாய்களின் மகன்களைச் சிறு வயதிலேயே படையின் பட்டியலில் சேர்த்துக் கொஞ்சம் சம்பளம் கொடுத்து வளர்க்கும் வழக்கமும் இருந்தது. கம்பெனி இதைக் கருணையால் செய்யவில்லை. சாகப் போகிறவனுக்கு வீட்டைப் பற்றிய கவலை இருந்தால் சண்டை போடமாட்டான் என்ற கணக்கில்தான் செய்தது. ஆனாலும் ‘நீ இறந்தால் உன் பிள்ளைக்கு இது’ என்று எழுத்தில் ஓர் உறுதிமொழியை நம் மக்கள் முதல்முறையாகப் பார்த்த இடம் அதுவே.

அதைவிடப் பெரியது பள்ளிக்கூடம். படையில் இருந்தவர்களின் ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இருவருக்கும் படிப்பு கட்டாயமாக இருந்தது என்பதை அண்ணல் அழுத்திச் சொல்கிறார். அவர் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவ நார்மல் பள்ளியில் பயிற்சி பெற்று, 14 ஆண்டுகள் ராணுவப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். அண்ணலின் தாத்தா மாலோஜியும் படையில் இருந்தவர். தாய் பீமாபாய் வீட்டாரும் சுபேதார் மேஜர்களின் குடும்பம். 1891 ஏப்ரல் 14 அன்று அண்ணல் பிறந்த இடமே மாவ் என்ற ராணுவக் கண்டோன்மென்ட். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாக்கு விரித்துத் தனியாக உட்கார வேண்டியிருந்த பிள்ளை, வீட்டில் ஆங்கிலமும் மராத்தியும் சுத்தமாகக் கற்றுக்கொண்டது எப்படி என்றால், வீட்டில் ஓர் ஆசிரியர் இருந்தார். அவரை உருவாக்கியது பாசறை. சாத்தாராவிலிருந்து போன அந்தக் கடிதத்தின் எழுத்து அங்கிருந்து வந்தது.

கடிதத்திலிருந்து மனுவுக்கு

1892இல் இந்தக் கதவு சாத்தப்பட்டது. ‘வீர இனம்’ என்ற கொள்கை வெள்ளை ராணுவத் தலைமையில் ஓங்கியது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதன் முக்கியக் குரல். தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவன் என்று முடிவு கட்டியவர் அவர். பஞ்சாபியர், கூர்க்கர், பட்டாணியர் என்று வடமேற்குப் பக்கம் ஆள் எடுப்பு நகர்ந்தது. சாதிவாரியாகப் படைகளைப் பிரித்தபோது, மேல்சாதியார் தொடத் தயங்குகிறவர்களுக்கு இடமில்லாமல் போனது. மகர்களை எடுப்பது நின்றது. தென்னாட்டுக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. சாப்பர்ஸ் போன்ற சில படைகளில் மட்டுமே நம்மவர்கள் தங்கினார்கள்.

நூறாண்டு காலம் அவர்களை வைத்து நாடு பிடித்தவர்கள் ஒரே உத்தரவில் அவர்களைப் போர்க்குணம் இல்லாதவர்கள் ஆக்கினார்கள். வெள்ளையர் நமக்கு விடுதலை கொடுத்தார்கள் என்று எளிமையாகப் பேசுகிற தோழர்கள் இந்த 1892ஐ நினைவில் வைக்க வேண்டும். தேவைப்பட்டபோது திறந்தார்கள், மேல்சாதியாரின் மனம் கோணாமல் இருக்க வேண்டியபோது மூடினார்கள்.

ஆனால் சாத்திய கதவுக்கு வெளியே நின்றவர்கள் எழுதத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். பாசறையில் வீட்டுக்குக் கடிதம் எழுதக் கற்ற கை, இப்போது அரசுக்கு மனு எழுதத் தொடங்கியது. 1886இல் படையிலிருந்து ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர், ‘அனார்ய தோஷ் பரிஹாரக் மண்டல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பத்திரிகைகளில் சாதியைக் கேள்வி கேட்டு எழுதினார். மீண்டும் படையில் சேர்க்கக் கோரி 1894இல் மனு தயாரித்தார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே தக்காண மகர்களின் சார்பில் லண்டனில் இருந்த இந்திய அமைச்சருக்கே மனு அனுப்பினார். மகாராஷ்டிரத்தின் தலித் அரசியல் இந்த ஓய்வூதியச் சிப்பாய்களின் தாழ்வாரங்களில் பிறந்தது என்றால் அது மிகையல்ல.

தமிழ்ப் பக்கத்திலும் இதன் எதிரொலி உண்டு. 1907 முதல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து நடத்திய ‘தமிழன்’ இதழ், நம் மக்கள் பிழைக்கப் போன இடங்களுக்கெல்லாம் தபாலில் போனது. கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன் என்று அது போய்ச் சேர்ந்த இடங்கள் ஊருக்கு வெளியே சம்பளம் கிடைத்த இடங்கள். கண்டோன்மென்ட்டும் சுரங்கமும் ரயில்வேயும் இருந்த இடங்களில்தான் பௌத்த சங்கத்தின் கிளைகளும் வேர் பிடித்தன. கிராமத்தில் கட்டுண்டு கிடந்தவனுக்குச் சந்தா கட்ட ஓரணா கிடையாது. தபால் வந்துசேர ஒரு முகவரியும் சம்பளமும் வேண்டும். இரண்டையும் கொடுத்த இடங்களில் பாசறையும் ஒன்று.

யாருடைய குரல் கோப்பில் இருக்கிறது?

முதல் உலகப் போர் வந்தது. 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. சேற்றிலும் குளிரிலும் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதத் தொடங்கினார்கள். பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவனிடம் சொல்லி எழுதுவார்கள். வீட்டிலிருந்து வரும் கடிதத்தையும் யாராவது உரக்கப் படிப்பார்கள், கூடியிருப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒருவனுக்கு வந்த கடிதம் ஒரு கூட்டத்துக்கே வந்த கடிதம்.

அரசுக்கு அச்சம் வந்தது. கேப்டன் ஹவல் என்ற அதிகாரியின் கீழ் இந்தியத் தபால் தணிக்கை அலுவலகம் அமைத்தார்கள். கடிதங்களைப் பிரித்துப் படித்து, முக்கியமானவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்த்தார்கள். மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. தணிக்கைக்காரர் தேர்ந்தெடுத்த பகுதிகள்தான் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் மிஞ்சியிருக்கின்றன. தங்கள் கடிதத்தை யாரோ படிக்கிறார்கள் என்று சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் மறைபொருளில் எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைச் சிப்பாய். எது தீர்ந்துவருகிறது, எது மிச்சமிருக்கிறது என்று எழுதினால் வீட்டாருக்குப் புரியும். தம்பியைப் படையில் சேர விடாதே என்று எச்சரித்தவர்கள் உண்டு. பிரான்சில் பெண்கள் படித்திருப்பதைப் பார்த்துவிட்டு, நம் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று எழுதியவர்களும் உண்டு. ஏன் பதில் போடவில்லை என்ற புலம்பல் ஓயாமல் வருகிறது. மாட்டுக்கு என்ன ஆச்சு, மழை பெய்ததா, கடன்காரன் வந்தானா என்று பதுங்குகுழியில் கிடந்தபடி ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கோப்புகளைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மாணவர்களாகிய நீங்களும் படிக்க வேண்டும். ஆனால் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இதில் தோட்டியின் கடிதம் எங்கே? படையோடு தண்ணீர் சுமக்கிறவர், துணி வெளுக்கிறவர், செருப்புத் தைக்கிறவர், மலம் அள்ளுகிறவர் என்று ஆயிரக்கணக்கானோர் போனார்கள். ராணுவக் கணக்கில் அவர்களுக்குச் சிப்பாய் என்ற பெயர் கிடையாது, ‘பின்தொடர்வோர்’ என்று பெயர். சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. சிப்பாய்களின் குரல் நிறைந்த அந்தக் கோப்புகளில் இவர்களின் குரல் மிக அரிதாகவே கேட்கிறது.

இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து அரண்மனையைக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனை ஆக்கினார்கள். அங்கே சாதி, மதம் பார்த்து 9 சமையற்கூடங்கள் அமைத்தார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். கழிப்பறை சுத்தம் செய்யத் தீண்டப்படாத பணியாளர்கள். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்பார்கள். சாதி கப்பலேறிப் போனது, அரசாங்கச் செலவில் போனது.

சுகா என்ற மனிதரை இங்கே நினைவுகூர வேண்டும். பரேலி நகரைச் சேர்ந்தவர், துப்புரவுத் தொழிலாளி. இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருந்த லேடி ஹார்டிங் மருத்துவமனையில் வேலை செய்தவர். 1915 ஜனவரி 12 அன்று தமது 30ஆம் வயதில் இறந்தார். தீண்டப்படாதவர் என்பதால் இந்துக்களுக்கான எரியிடத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. முஸ்லிம் இல்லை என்பதால் அவர்களின் இடுகாட்டிலும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் தம் தேவாலயத்து இடுகாட்டில் அடக்கம் செய்தார். ஊர் மக்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். அந்தக் கல்லில் அவர் பெயரும், எந்த மொகல்லாவிலிருந்து வந்தார் என்ற விவரமும் இன்றும் இருக்கின்றன.

அந்தக் கல்லை நாம் வேறு விதமாகவும் படிக்கலாம். அதில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, தேதி இருக்கிறது. கடிதத்தின் மேல் எழுதும் முகவரி போலவே இருக்கிறது. சுகா வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய எந்தக் காகிதமும் நம் கையில் இல்லாத நிலையில், அந்தக் கல்தான் அவரிடமிருந்து நமக்கு வந்திருக்கும் கடிதம்.

சேரி முனையில் தபால்

இதுவரை பாசறை முனையைப் பார்த்தோம். கடிதத்துக்கு இன்னொரு முனை உண்டு.

1879இல் கால் அணா கார்டு வந்தது. 1880இல் மணியார்டர் தபால் நிலையத்துக்கு வந்தது. இரண்டும் ஏழைக்குக் கிடைத்த பெரிய வசதிகள். பர்மாவிலோ மெசபொட்டேமியாவிலோ இருக்கும் மகன் அனுப்பும் பணம், எந்தப் பண்ணையார் கையையும் தொடாமல் தாயின் கைக்கு வரலாம் என்பது சட்டம். நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை.

தமிழ்நாட்டில் பல கிராமங்களில் தபால் நிலையம் அக்கிரகாரத்திலோ ஊர்த் தெருவிலோ இருந்தது. அந்தத் தெருவில் நடக்கவே நமக்கு உரிமை கிடையாது. பின் கார்டு வாங்குவது எப்படி? வந்த மணியார்டரை வாங்குவது எப்படி? தபால்காரர் ஆதிக்கச் சாதிக்காரராக இருந்தால் சேரிக்குள் வரமாட்டார். களத்துமேட்டில் நின்று கூப்பிடுவார், அல்லது ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். மணியார்டருக்குக் கைநாட்டு வைத்தால் சாட்சிக் கையெழுத்து வேண்டும். எழுத்துத் தெரிந்த சாட்சி யார்? ஊர்க்காரர். அந்தச் சாட்சிக்கு ஒரு பங்கு, பழைய கடனுக்கு ஒரு பங்கு. கடிதத்தைப் படித்துச் சொல்லவும் அவர்தான் வேண்டும். மகன் என்ன எழுதினான் என்பது தாய்க்குத் தெரிவதற்கு முன் பண்ணையாருக்குத் தெரிந்துவிடும். ‘அந்த நிலத்தை விட்டுவிட்டு லைனுக்கு வந்துவிடு அம்மா’ என்று மகன் எழுதியிருந்தால் அதைப் படித்துச் சொல்லுவாரா?

பிரான்சில் சிப்பாயின் கடிதத்தைத் தணிக்கை செய்ய ஓர் அலுவலகம் போட வேண்டியிருந்தது. சேரிக்கு வந்த கடிதத்தைத் தணிக்கை செய்ய எந்த அலுவலகமும் தேவைப்படவில்லை. ஊரே தணிக்கை அலுவலகமாக இருந்தது.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் இவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் போகவும் பயன்படுத்தவும் தடை கூடாது என்றது அது. தெருவில் நடக்கும் உரிமை என்று கேட்டால் இன்றைய இளைஞருக்கு ஏதோ மானப் பிரச்சினையாக மட்டும் தோன்றலாம். அது மானம், கூடவே வயிற்றுப்பாடு. தபால் நிலையம் வரை நடக்க முடிந்தால்தான் மகன் அனுப்பிய 5 ரூபாய் கைக்கு வரும்.

இதனால்தான் சேரியில் ஒரு பிள்ளை எழுத்துக் கற்றுக்கொண்டால் அது குடும்பக் காரியமாக இல்லாமல் தெருவின் காரியமாக ஆனது. விளக்கு வைத்ததும் பட்டாளத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்துக் கடிதம் படிக்கச் சொல்வார்கள். ‘அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம், அங்கு நீங்கள் அனைவரும் சுகமா’ என்ற முதல் வரியைக் கேட்டதுமே அழத் தொடங்கும் பாட்டிகளை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். நம் பகுதியில் படிப்பின் மதிப்பைப் புரிய வைத்தது எந்தப் பிரச்சாரத்தையும்விட இந்தக் கடிதங்கள்தான். ஊர்க்காரரிடம் போகாமல் நம் பிள்ளையே படித்துவிட்டது என்ற அந்த ஒரு நாள் ஒரு தெருவுக்கே விடுதலை நாள்.

இரண்டாவது போரும் பஞ்சக் கடிதங்களும்

முதல் போரின் நெருக்கடியில் 1917இல் 111ஆம் மகர் படை அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் சில ஆண்டுகளில் அது இல்லாமல் போனது. இரண்டாம் உலகப் போரில் அதே கதை பெரிய அளவில் நடந்தது. இந்திய ராணுவம் 25 லட்சம் பேர் கொண்ட படையாக வளர்ந்தபோது ‘வீர இனம்’ என்ற கொள்கை தானாகக் காற்றில் போனது. சென்னை மாகாணத்திலிருந்து பெருந்திரளாக ஆட்கள் சேர்ந்தார்கள். அண்ணலின் இடைவிடாத வலியுறுத்தலின் பின்னணியில் 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் உருவாகி, பர்மா முனையில் சண்டையிட்டு, 1946இல் கலைக்கப்பட்டது.

இந்தப் போரில் சிப்பாய்க்குப் பாசறையில் புதிய எழுத்துச் சிக்கல் ஒன்று இருந்தது. ராணுவத்தின் பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதிய உருது. தமிழ்ச் சிப்பாயும் அதைத்தான் கற்க வேண்டும். கட்டளையைப் புரிந்துகொள்ளவும் பதவி உயர்வுக்கும் அது உதவும். அம்மாவுக்கு எழுத உதவாது. வீட்டுக்கு எழுதத் தமிழ் எழுத்து தெரிந்த நண்பனைத் தேட வேண்டும். பாசறைக் கல்வி எப்போதும் ராணுவத்தின் தேவைக்கான கல்விதான். அதிலிருந்து தனக்கு வேண்டியதைத் திருடிக்கொள்வது சிப்பாயின் சாமர்த்தியம்.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது, ரங்கூன் அரிசி நின்றது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. மலபாரிலும் தமிழ்ப் பகுதிகளிலும் அரிசிக்குத் திண்டாட்டம். வடஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்த சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதங்களில் இந்தப் பசி ஏறியது. நீ அனுப்பும் பணம் வருகிறது, அரிசி கிடைக்கவில்லை என்றன கடிதங்கள். சிப்பாய்களின் மனம் குலைவதைத் தணிக்கை அதிகாரிகள் அறிக்கைகளில் எழுதினார்கள். பாசறையில் இவனுக்கு மூன்று வேளை ரேஷன் உண்டு, வீட்டில் பிள்ளை கஞ்சிக்கு அழுகிறது. வயிற்றுக்காகப் படையில் சேர்ந்தவனுக்கு இதைவிடக் குரூரமான செய்தி என்ன இருக்க முடியும்? அந்தப் பசியில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள், அதாவது நம் மக்கள்.

நீலக் கடிதமும் இன்றைய கேள்வியும்

விடுதலைக்குப் பிறகு நீல நிற இன்லேண்ட் லெட்டர் வந்தது. முகவரியில் ‘56 ஏ.பி.ஓ.’ என்றோ ‘99 ஏ.பி.ஓ.’ என்றோ இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. மகன் பனிமலையில் இருக்கிறானா பாலைவனத்தில் இருக்கிறானா என்று தாய்க்குத் தெரியாது. ஓர் எண்ணுக்கு எழுதிப் போட்டால் அவனுக்குப் போய்ச் சேரும். வேலூர், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வருடாந்திர லீவில் பட்டாளத்துக்காரர் தகரப் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்குவார். ஊர்த் தெருவில் செருப்போடு நடந்து வருவார். அந்த நடைக்காகவே அடிதடி நடந்த ஊர்கள் உண்டு. எல்லையில் நாட்டைக் காக்கலாம், ஊரில் செருப்பு போடக்கூடாது என்பதுதான் இந்தியச் சாதியின் தேசபக்தி.

இங்கே நமக்குள் ஒரு வாதம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஏகாதிபத்தியத்தின் கூலிப்படையாக இருந்ததைப் பெருமையாகப் பேசலாமா என்று இடதுசாரித் தோழர்கள் கேட்கிறார்கள். பீமா கோரேகாவை வணங்குவது வெள்ளையனை வணங்குவது ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அந்தத் தூணின் முன் போய் நின்றது கம்பெனியைக் கொண்டாட அல்ல. உங்களைக் கோழை என்று சொல்லி வெளியே தள்ளியிருக்கிறார்கள், அது பொய் என்பதற்கு இதோ கல்வெட்டு என்று தம் மக்களுக்குக் காட்டத்தான் போனார். துப்பாக்கி நமக்கு எந்த நாளும் விடுதலை தரவில்லை. அதை யாரோ கொடுத்தார்கள், யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். 1892இல் பிடுங்கினார்கள், 1917இல் கொடுத்தார்கள், மறுபடி பிடுங்கினார்கள். பிடுங்க முடியாமல் போனது எழுத்து ஒன்றுதான்.

இன்றைய ராணுவத்தில் சாதி இல்லை என்று சொல்வார்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரை மட்டுமே எடுக்கிறார்கள் என்ற வழக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சாதிப்பெயர் தாங்கிய ரெஜிமெண்டுகள் இன்றும் இருக்கின்றன. ‘வீர இனம்’ என்ற சொல் போய்விட்டது, அதன் நிழல் போகவில்லை. இந்தக் கேள்விகளை எழுப்புவது நாட்டுக்கு விரோதமான செயல் அல்ல. வலங்கரும் காம்ப்ளேயும் எழுப்பிய கேள்விகளின் தொடர்ச்சி.

முடிக்கும் முன் ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறோம். பஞ்சாபிச் சிப்பாயின் கடிதம் லண்டன் கோப்பில் இருக்கிறது. நம் சிப்பாயின் கடிதம் சேரி வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. கரையான் அரிக்கிறது, மழையில் நனைகிறது, குடிசை எரியும்போது சேர்ந்து எரிகிறது. கொளுத்தப்பட்ட ஒவ்வொரு சேரியோடும் நம் ஆவணக் காப்பகம் ஒன்று எரிந்திருக்கிறது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர்கள் தாத்தாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். கார்டு, இன்லேண்ட், மணியார்டரின் கிழிசல் துண்டு, டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள் எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். யார் எழுதியது, யார் எழுதிக் கொடுத்தது, யார் படித்துச் சொன்னது என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள். கடிதத்தில் எழுதாமல் விட்டதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

1901இல் ஒரு கடிதம் கொடுக்கப்படாமல் ஒரு வேலைக்காரனின் மறதியில் கிடந்தது. அதற்கான விலையைச் சில பிள்ளைகள் ஓர் இரவு முழுக்கத் தாகத்தோடு கட்டினார்கள். நம் முன்னோர் நமக்கு எழுதிய கடிதங்கள் பல இன்னும் கைக்கு வராமல் கிடக்கின்றன. இந்த முறை அவற்றைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம்முடையது.

ஜெய்பீம்.